சொன்னவங்க கையிலயே அந்தக் குறி இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க தொழில்நுட்பப் பக்கத்துல, சாட் சேனல்ல விழற மெசேஜையெல்லாம் ஒரு பாட் (தானா ஓடற சின்ன ப்ரோக்ராம்) வெச்சு தானாவே பதிவா மாத்தி இணையத்துல ஏத்தறது எப்படின்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. ரெண்டு தடவை படிச்சேன். தப்புன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல, படிப்படியா நல்லாவே சொல்லியிருந்தாரு எழுதினவரு. ஆனா இதோட உங்க வேலை முடிஞ்சுதுங்கற மாதிரி முடிச்சிருந்தாரு பாருங்க, அங்க தான் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா எங்களுக்கு வேலையே அதுக்கப்புறம் தான் ஆரம்பிச்சுது. அதான் இந்த லெட்டர். நீளமாத் தான் வரும்போல, வெட்டணும்னா வெட்டிக்கோங்க, டெலீட் பத்தி எழுதற இடத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

நாங்க பழைய ரேடியோ ரிப்பேர் பண்ற ஆளுங்க. தொழிலா பண்றவங்களும் உண்டு, என்னை மாதிரி ரிட்டயர் ஆனப்புறம் பொழுது போகறதுக்கு நோண்டறவங்களும் உண்டு, நூத்துச் சொச்சம் பேர் டெலிகிராம்ல ஒரே குரூப்புல இருக்கோம். அங்க ஓடற பேச்சுல கிடைக்கற விஷயம் எந்தப் புத்தகத்துலயும் கிடைக்காது சார். ஒருத்தர் செட்டைத் திறந்து போட்டோ போடுவாரு, ஆன் பண்ணா உம்ம்ம்னு ஒரே இரைச்சல், ஸ்டேஷனே கேக்க மாட்டேங்குதுன்னு. அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துடும், பவர் சப்ளைல இருக்கற ஃபில்டர் கண்டன்சர் காஞ்சு போயிருக்கும், அதை மாத்திப் பாரு, போயிடும்னு. (கெப்பாசிட்டர்னு தான் சொல்லணும், எங்காளுங்களுக்கு அது என்னைக்கும் கண்டன்சர் தான், நானும் அப்படியே எழுதிடறேன்.) சரி, அவரு பிரச்னை தீந்துச்சு. மூணு மாசம் கழிச்சு புதுசா ஒருத்தர் வருவாரு, அதே உம்ம்ம், அதே கேள்வி. பழைய பதில் எங்கயோ மேல குட்மார்னிங் படத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவுல பொதைஞ்சு கெடக்கும். தேடினாலும் கிடைக்காது, ஒருத்தர் கண்டன்சர்னு அடிச்சிருப்பாரு, ஒருத்தர் கெப்பாசிடர்னு, இன்னொருத்தர் இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிச்சு வெச்சிருப்பாரு, சர்ச்ல எது மாட்டும்? பதில் சொல்ற பெரியவங்க தான் பாவம், ஒரே விஷயத்தை எத்தனை தடவை சொல்லுவாங்க, ஒரு கட்டத்துல சலிச்சுப் போய் பேசாம இருந்துடுவாங்க. அவங்க பேசாம இருந்தா குரூப் எதுக்கு.

இது எங்களுக்கு மட்டும் இருக்கற வியாதி இல்ல. எந்த ஆப்புல பேசினாலும் இதான். ஸ்லாக்னு ஆபீஸ் ஆளுங்க பேசிக்கற ஆப்புல காசு கட்டாத குரூப்னா 2022 செப்டம்பர்ல இருந்து 90 நாள் பேச்சு தான் கண்ணுக்குத் தெரியும், அதுக்கு முன்னாடி பேசினது தேடினாலும் வராது. மத்த ஆப்புல மெசேஜ் இருக்கும், ஆனா இருந்தும் இல்லாத மாதிரி தான், கடல்ல போட்ட கல்லு. அதனால பேச்சை எடுத்து பதிவா போட்டு, தலைப்பு வெச்சு, வெளிய இருக்கறவங்களும் தேடிப் படிக்கற மாதிரி பண்ணணும்ங்கற ஆசை நியாயமான ஆசை தான். அதை நான் குறை சொல்ல வரல.

எங்க குரூப்புல ப்ரோக்ராமிங் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் இருக்காரு, ஒரே சாயங்காலத்துல செஞ்சு முடிச்சுட்டாரு. உண்மையிலயே சுலபம் தான். டெலிகிராம் இந்த மாதிரி பாட்களுக்குன்னு கதவைத் திறந்தது 2015ல, பதிவு போடற வேர்ட்பிரஸ்ங்கற மென்பொருள்ல வெளிய இருந்து ஒரு ஸ்க்ரிப்ட் போஸ்ட் போடற வசதி 2016 கடைசில மெயின் பேக்கேஜுக்குள்ளயே வந்துடுச்சு, 2020ல ஸ்க்ரிப்டுக்குன்னு தனியா ஒரு பாஸ்வேர்டு கொடுக்கற வசதியும் வந்துச்சு. இந்தப் பக்கம் வர்ற மெசேஜை வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கறது, நடுவுல ஒரு குழாய் மாதிரி, அவ்வளவு தான். குழாய் எழுதத் தெரியாதவங்களுக்கு ஸேப்பியர், என்-எய்ட்-என் (n8n) மாதிரி ரெடிமேடாவே கிடைக்குது, பெட்டிய இழுத்துப் போட்டு கோடு போட்டு இணைச்சா போதும்.

இதுல ஒண்ணு மட்டும் இப்ப நெனச்சா உறுத்துது. டெலிகிராம் குரூப்ல பாட் ஒண்ணைச் சேத்தா அது முதல்ல எல்லாத்தையும் படிக்காது, தன்னைக் கூப்பிட்டுப் பேசினதையும் தனக்கு வந்த ரிப்ளையையும் தான் படிக்கும், ப்ரைவஸி மோடுன்னு ஒண்ணு ஆன்லயே இருக்கும். டிஸ்கார்ட்ங்கற சாட் ஆப்புலயும் 2022ல இருந்து மத்தவங்க பேச்சைப் பாட் படிக்கணும்னா அதுக்குத் தனியா அனுமதி எடுக்கணும்னு வெச்சுட்டாங்க. அதாவது கதவை மூடித் தான் கொடுத்திருக்காங்க, திறந்து விட்டது நாம. உங்க கட்டுரையிலயும் அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணுங்கன்னு ஒரு வரில வந்துட்டுப் போயிடுச்சு. நாங்களும் அப்படித் தான் ஆஃப் பண்ணோம், குரூப்ல இருக்கறவங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேக்கணும்னு தோணவே இல்ல, அதான் நெஜம்.

முதல் ரெண்டு வாரம் தேனிலவு தான். காலைல எழுந்து பாத்தா நாலு போஸ்ட் தானா ஏறியிருக்கும், தம்பிய எல்லாரும் தூக்கி வெச்சுக் கொண்டாடினோம். சின்னச் சின்ன கோளாறு வந்துச்சு, அதெல்லாம் சிரிச்சுட்டுப் போற கோளாறு. தலைப்பை மெசேஜோட முதல் இத்தனை எழுத்துன்னு வெட்டி எடுக்கற மாதிரி எழுதியிருந்தாரு, கம்ப்யூட்டருக்கு நம்ம எழுத்து எங்க முடியுதுன்னு தெரியுமா? தமிழ்ங்கறது நமக்கு மூணு எழுத்து, அதுக்கு அஞ்சு, கொம்பு தனி, புள்ளி தனி. ஒரு நாள் பாத்தா "பழைய ரேடியோவுக்கு கண்டன..."ன்னு தலைப்பு ஏறியிருக்கு, கண்டன்சர்ல புள்ளிய விட்டுட்டு வெட்டியிருக்கு, ஏதோ நாங்கெல்லாம் ரேடியோவை எதுத்து ஊர்வலம் போற மாதிரி. லிங்க்கு அதுக்கு மேல. தமிழ்ல தலைப்பு இருந்தா முகவரில ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறியோட 9 எழுத்தா மாறிடுது, தமிழ்ங்கற ஒரு வார்த்தை 45 எழுத்து வருது, வேர்ட்பிரஸ்ல முகவரிக்கு இடமே 200 எழுத்து தான், ஆக 22 குறியீடு தாண்டினா வெட்டிடும். ஒரே மாதிரி ஆரம்பிக்கற தலைப்புக்கெல்லாம் ஒரே முகவரி வந்து பின்னாடி 2, 3, 4ன்னு வால் முளைச்சுது. இங்கிலீஷ்ல சின்னதா ஒரு முகவரி நாமளே கொடுத்துட்டா தீந்துது. ஒரு தடவை தம்பியோட மெஷின் ரெண்டு நாள் ஆஃப் ஆகிக் கெடந்துச்சு, பாட் வந்து வாங்கிக்காத மெசேஜை டெலிகிராம் 24 மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்காது, அந்த நடுவுல பேசினது போனது போனது தான். ஸ்லாக்ல இதே வேலைய பண்ற நண்பர் ஒருத்தர் சொன்னாரு, அங்க 3 செகண்டுக்குள்ள கிடைச்சுதுன்னு பதில் சொல்லலைன்னா அதே மெசேஜை திரும்பத் திரும்ப அனுப்புமாம், இவரு ஏஐ எழுதி முடிச்சப்புறம் பதில் சொல்ற மாதிரி ஸ்க்ரிப்ட் எழுதி வெச்சு ஒரே போஸ்ட் நாலு தடவை ஏறிடுச்சு. இதெல்லாம் ஒரு சாயங்காலம் உக்காந்தா சரி பண்ணிடலாம்.

சரி பண்ண முடியாதது ஒண்ணு வந்துச்சு. குரூப்புல ஒருத்தர் போட்டோ போட்டுக் கேட்டாரு, இந்த டாண்டலம் கண்டன்சர்ல எந்தப் பக்கம் பிளஸ்னு. எங்க பெரியவர் ஒருத்தர், அனுபவஸ்தர், ஒரே வரில பதில் போட்டாரு: கோடு போட்ட பக்கம் தான் பிளஸ், பாத்துப் போடுங்கன்னு. சரியான பதில். டாண்டலத்துல கோடு பிளஸ் பக்கம் தான் இருக்கும். ஆனா நாம தினம் பாக்கற உருளை மாதிரி அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக் இருக்கு பாருங்க, அதுல நேர் தலைகீழ், கோடு போட்டது மைனஸ். எங்க பாட் என்ன பண்ணுச்சு, கேள்விய விட்டுடுச்சு, போட்டோவை விட்டுடுச்சு, பதில்ல கண்டன்சர்ங்கற வார்த்தையே இல்லாததால பழைய மெசேஜ்ல இருந்து அந்த வார்த்தைய மட்டும் தேடி ஒட்டிக்கிட்டு, கண்டன்சரில் கோடு போட்ட பக்கம் பிளஸ்னு ஒரு போஸ்ட்டைப் பளிச்சுனு ஏத்திடுச்சு. குரூப்புல உண்மை, வெளிய வந்ததும் பொய். பொய்னு கூட சொல்ல முடியாது, யாரும் பொய் சொல்லல.

பத்து நாள் கழிச்சு ஒரு பையன், குரூப்ல இல்லாதவன், போஸ்ட்டைப் படிச்சுட்டு உருளை கண்டன்சரை தலைகீழா சால்டர் பண்ணி ஆன் பண்ணியிருக்கான். டப்புனு வெடிச்சு உள்ள இருந்த பேப்பர் சுருள் பஞ்சு மாதிரி மேஜையெல்லாம் பறந்திருக்கு, அந்தப் புளிச்ச நாத்தம் ரெண்டு நாள் போகலையாம். முகத்தைக் கிட்ட வெச்சுக்காததால தப்பிச்சான். போட்டோ எடுத்து பக்கத்துக்குக் கீழ கமெண்டா போட்டிருந்தான், கீழ ஒரே ஒரு வரி, ஐயா நீங்க சொன்ன மாதிரி தானே போட்டேன்னு. அந்த "ஐயா" பெரியவருக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அவரு சொன்னது சரி, ஆனா அன்னைக்கு ராத்திரி முழுக்க அவரு தூங்கலன்னு அவரு வீட்ல சொன்னாங்க.

அப்ப தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. சாட்ல ஒரு மெசேஜ்ங்கறது முழு வாக்கியம் இல்ல சார், அரை வாக்கியம். மீதி அரை மேல இருக்கற மெசேஜ்ல இருக்கும், போட்டோல இருக்கும், நேத்து பேசினதுல இருக்கும். அதுவும் தமிழ்ல கேக்கவே வேணாம், நாம தான் யாரு என்னன்னு சொல்லாமலேயே பேசற ஆளுங்களாச்சே. "ஆமா, அதான் போட்டேன், போயிடுச்சு." இதுல எது, எதைப் போட்டாரு, என்ன போயிடுச்சு, இரைச்சல் போயிடுச்சா செட்டே போயிடுச்சா? குரூப்ல இருக்கறவனுக்குத் தெரியும். மொட்டை மெசேஜா எடுத்து வெளிய வெச்சா தலையும் இல்ல வாலும் இல்ல. அதனால ரிப்ளை போட்டுப் பேசின பேச்சுன்னா அந்தச் சங்கிலிய முழுசா, கேள்வி, போட்டோ, பதில், அதுக்கு மறுப்பு எல்லாத்தையும் சேத்து தான் எடுக்கணும். எந்த மெசேஜுக்கு ரிப்ளைங்கறது பாட்டுக்குத் தெரியத் தான் செய்யும், அந்தத் தகவல் கூடவே வருது. ஆனா நம்மாளுங்க ரிப்ளை போடாம கீழயே அடிச்சுட்டுப் போவாங்க, அது தான் தொல்லை.

அடுத்து ஏஐ வெச்சுப் பாத்தோம். நாள் முழுக்க பேசினதை மொத்தமாக் கொடுத்து கட்டுரையா எழுதச் சொன்னோம். அடடா, என்னா நடை, பத்திரிகைல வர்ற மாதிரி. அந்த நடை தான் ஆபத்து. "எனக்குத் தெரிஞ்சு அது வால்வு போயிருக்கலாம், எதுக்கும் செக் பண்ணிக்கோங்க"ன்னு ஒருத்தர் தயங்கித் தயங்கிச் சொன்னது, "வால்வு பழுதடைந்ததே காரணம்"னு கல்வெட்டு மாதிரி வந்து நிக்குது. நம்ம பேச்சுல ஒரு "ஆம்" இருக்கு, எரிஞ்சிடுச்சாம், வெடிச்சுதாம், சொன்னாராம், அந்த ஒரு ஒட்டுல நான் பாக்கல, யாரோ சொன்னாங்கன்னு முழு ஜாதகமும் இருக்கு. எங்க கட்டுரைல அத்தனை "ஆம்"மும் காணாமப் போய் எரிந்தது, வெடித்தது, சொன்னார்னு ஆயிடுச்சு. கேலிக்குச் சொன்னதும் அப்படித் தான், "சுத்தியல் எடுத்து ஒரு போடு போடுங்க, பாடும்"னு ஒருத்தர் கிண்டல் பண்ணதை கடைசிப் பாரால டிப்ஸா போட்டிருந்துச்சு. ஏஐ மேல எனக்கு விரோதம் ஒண்ணும் இல்ல, எழுத்துப்பிழை திருத்த, ரெண்டு பத்திய சேத்துக் கோக்க இன்னைக்கும் அதைத் தான் வெச்சிருக்கோம். யாரு எவ்வளவு நிச்சயமாச் சொன்னாங்கங்கறதை மட்டும் அது கையில விட முடியாது.

இப்ப டெலீட் விஷயத்துக்கு வரேன். இதை எழுத எனக்குக் கொஞ்சம் சங்கடமாத் தான் இருக்கு.

எங்க குரூப்ல தொழிலா ரிப்பேர் பண்றவர் ஒருத்தர், பேர் வேணாம், ஒரு ராத்திரி மனசு விட்டு ஒரு மெசேஜ் போட்டாரு. ரெசிஸ்டர்ல அதோட மதிப்பைச் சொல்ற கலர் கோடு இப்பல்லாம் சரியாத் தெரிய மாட்டேங்குது, சிவப்பும் பழுப்பும் ஒண்ணாத் தெரியுது, மீட்டர் வெச்சு ஒவ்வொண்ணா அளந்து தான் வேலை பாக்கறேன், எவ்வளவு நாள் ஓட்ட முடியும்னு தெரியலன்னு. நாங்க நாலஞ்சு பேர் ஆறுதல் சொன்னோம், ஒருத்தர் மாக்னிஃபையர் லைட் பத்திச் சொன்னாரு, பேச்சு ஓடுச்சு. காலைல எழுந்ததும் அவருக்கு ஒரு மாதிரி ஆயிருக்கும்போல, அந்த மெசேஜை டெலீட் பண்ணிட்டாரு. நாங்களும் கண்டுக்காத மாதிரி விட்டுட்டோம், அது தானே மரியாதை. ஆனா பாட் ராத்திரியே எடுத்து, அவரு பேரோட, பார்வைக் குறைபாட்டுடன் ரேடியோ பழுது பார்ப்பதுன்னு ஒரு அருமையான கட்டுரை போட்டு வெச்சிருக்கு. நாலு நாள் கழிச்சு அவரோட பழைய கஸ்டமர் ஒருத்தர் போன் பண்ணி, கண்ணு தெரியலையாமே, செட்டை வேற ஆளுகிட்ட கொடுத்துக்கட்டுமான்னு கேட்டிருக்காரு. அப்ப தான் எங்களுக்கே அந்தப் போஸ்ட் இருக்கறது தெரியும்.

அவரு திட்டல. திட்டியிருந்தா கூடப் பரவால்லன்னு இருந்துச்சு. நான் அழிச்சுட்டேனேப்பா, எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேட்டாரு. தம்பி கிட்ட பதில் இல்ல, எங்கிட்டயும் இல்ல.

பதில் பின்னாடி தான் தெரிஞ்சுது. டெலிகிராம்ல சாதாரண குரூப்லயோ சேனல்லயோ ஒருத்தர் மெசேஜை எடிட் பண்ணா பாட்டுக்குத் தகவல் வரும், டெலீட் பண்ணா வராது. அங்க அழிஞ்சது இங்க தெரியவே தெரியாது. ஸ்லாக்லயும் டிஸ்கார்ட்லயும் அழிச்சா தகவல் அனுப்பறாங்க, ஆனா வாங்கற பக்கம் ஆளு இருக்கணுமே, இழுத்துப் போட்டு கோடு போடறவங்க எல்லாரும் "புது மெசேஜ் வந்தா"ங்கற ஒரு பெட்டிய தான் இழுத்துப் போடறாங்க, "மெசேஜ் போனா"ங்கற பெட்டிய யாரு தேடறா. தேடினாலும் எந்த மெசேஜ் எந்தப் போஸ்ட் ஆச்சுன்னு ஒரு கணக்கு எழுதி வெச்சிருந்தா தான் எடுக்க முடியும், எங்ககிட்ட அந்தக் கணக்கே இல்ல, கையால ஒவ்வொண்ணாத் தேடினோம். வேடிக்கை என்னன்னா அழியக் கூடாதது அழியும், டிஸ்கார்ட்ல போட்ட படத்தோட லிங்க்கை அப்படியே எடுத்து போஸ்ட்ல ஒட்டினா ஒரு நாள்ல செத்துடும், படத்தை இறக்கி நம்ம இடத்துல வெச்சா தான் நிக்கும். அழியணும்னு ஒருத்தர் நெனச்சது மட்டும் நின்னுக்கிட்டே இருக்கும். நாங்க பக்கத்தைத் தூக்கினப்புறமும் தேடல்ல அந்தத் தலைப்பு கொஞ்ச நாள் தெரிஞ்சுது.

இதுக்கு உங்க கட்டுரைல ஒரு வழி சொல்லியிருந்தாரு, அட்மின் ஒருத்தர் பாத்து ஓகே பண்ணப்புறம் பப்ளிஷ் பண்ணலாம்னு. இது நடந்தப்புறம் நாங்களும் முதல்ல அதான் பண்ணோம், எல்லாம் ட்ராஃப்டா ஏறும், நான் பாத்து பப்ளிஷ் அமுக்கணும். ரெண்டு மாசம் ஓட்டினேன். எனக்கு என்ன தெரியும் சார்? கோடு பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு பாத்துடலாம், அது விஷயம். அந்த மனுஷன் கண்ணு பத்திச் சொன்னது ஊருக்குத் தெரியலாமா கூடாதான்னு நான் எப்படி முடிவு பண்றது? சத்தியமாச் சொல்றேன், அந்தப் போஸ்ட் ட்ராஃப்டா வந்திருந்தா நானே ஓகே பண்ணியிருப்பேன், நாலு பேருக்கு உபயோகம்னு நெனச்சு. அங்க தான் தப்பு. வெளிய போகலாம்னு சொல்ல வேண்டியது அட்மின் இல்ல, பாட் இல்ல, அதைச் சொன்னவரு.

இது ஒண்ணும் நாங்க கண்டுபிடிச்ச தத்துவமும் இல்ல. ஐஆர்சின்னு 1988ல இருந்து ஓடற பழைய சாட் இருக்கு, அதுல டெபியன், உபுண்டு, ஃபெடோரான்னு லினக்ஸ் செய்யற ஆளுங்க மீட்டிங் போடறப்ப மீட்பாட்னு ஒண்ணை வெச்சு குறிப்பு எடுத்தாங்க. மீட்டிங் ஆரம்பம்னு ஒருத்தர் கமாண்ட் அடிச்சா தான் அது எழுதவே ஆரம்பிக்கும், முடிவுன்னு அடிச்சா நிக்கும், நடுவுல ஒத்துக்கிட்டது எது, யாருக்கு என்ன வேலைங்கறதை பேசறவங்களே முன்னாடி ஒரு குறி போட்டு அடிச்சா அதைத் தனியாத் தொகுத்துக் கொடுக்கும். எந்த ஏஐயும் இல்ல. இது குறிப்புல போகுதுன்னு தெரிஞ்சே பேசினாங்க, அவ்வளவு தான் வித்தியாசம், ஆனா அது பெரிய வித்தியாசம்.

இப்ப எங்க குரூப்ல அப்படித் தான் வெச்சிருக்கோம். பேனா பிடிச்ச கை எமோஜி ஒண்ணு. தன்னோட மெசேஜ்ல தானே அந்த ரியாக்ஷனைப் போட்டா அது வெளிய போகலாம்னு அர்த்தம், மத்தவங்க போட்டா பாட் கண்டுக்காது, நான் போட்டாலும் தான். டெலிகிராம்ல 2023 கடைசில இருந்து ரியாக்ஷன் போட்டா பாட்டுக்குத் தகவல் வருது, பாட் அட்மினா இருக்கணும், அந்தத் தகவல் வேணும்னு முன்கூட்டியே கேட்டு வெக்கணும். அதுல எந்த மெசேஜ், யாரு போட்டாங்கன்னு தான் வரும், மெசேஜ் வராது, அதனால பாட் கொஞ்ச நாளைக்கு மெசேஜைத் தன்கிட்ட சேத்து வெச்சிருக்கணும். நாங்க ஏழு நாள் வெச்சிருக்கோம், குறி விழாதது ஏழாம் நாள் அழிஞ்சுடும். முக்கியமான சங்கதி இனிமே தான், போட்ட ரியாக்ஷனை எடுத்தாலும் தகவல் வருது. டெலீட் பண்ணா தான் வராது, குறிய எடுத்தா வருது. ஆக குறிய எடுத்தா போஸ்ட் உடனே ட்ராஃப்டுக்குப் போயிடும், யாரும் யாரையும் கேக்க வேணாம், காரணம் சொல்ல வேணாம். மெசேஜை அழிக்கறதுக்கு முன்னாடி குறிய எடுங்கன்னு குரூப் மேலயே பின் பண்ணி வெச்சிருக்கோம். கேள்வி ஒருத்தர் பதில் ஒருத்தர்னா ரெண்டு பேரும் குறி போட்டா தான் சங்கிலி போகும். பேர் போடறதில்ல, வேணும்னு கேட்டா தான் போடறோம். பதிவா ஆனதும் அதோட லிங்க் அவருக்கே தனியாப் போகும், படிச்சுப் பாத்து டாண்டலம்ங்கற வார்த்தை விட்டுப் போச்சுன்னு அவரே சொல்லலாம், சொல்றாரு.

இது முழுசா வேலை செய்யுதுன்னு சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு குறி போடவே மறந்துடுது, நல்ல நல்ல பதிலெல்லாம் ஏழு நாள்ல போயிடுது, அப்ப நான் போய் அண்ணே அந்த வால்வு பத்திச் சொன்னீங்களே, ஒரு குறி போட்டுடுங்களேன்னு கெஞ்சறேன். சிலர் குறி போட்ட மறு நிமிஷம் எடிட் பண்ணிக்கிட்டே இருக்காங்க, போஸ்ட்டும் கூடவே மாறிக்கிட்டே இருக்கு, அதுக்கு அரை மணி நேரம் பொறுத்து ஏத்தற மாதிரி தம்பி மாத்தினாரு. முன்ன ஒரு நாளைக்கு நாலு போஸ்ட், இப்ப வாரத்துக்கு ரெண்டோ மூணோ. குறைஞ்சு போச்சேன்னு வருத்தப்பட்டவங்களுக்கு நான் சொல்றது, யாருக்கும் உபயோகம் இல்லாம தானியங்கியா மலை மாதிரி கொட்டற பக்கங்களை ஸ்பாம் கணக்குல சேப்போம்னு கூகுளே 2024 மார்ச்ல விதி போட்டுடுச்சு, ஏஐ எழுதினதா மனுஷன் எழுதினதாங்கறது அவங்களுக்குப் பிரச்னை இல்ல, தேடல்ல மேல வரணும்னு சும்மா கொட்டறது தான் பிரச்னை. ஆக நாலு போட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது.

கண்ணு விஷயம் சொன்னேனே, அவரு குரூப்பை விட்டுப் போகல. ஒரு மாசம் எதுவும் பேசாம படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தாரு. அப்புறம் ஒரு நாள் மீட்டர் வெச்சு ரெசிஸ்டர் அளக்கறதைப் பத்தி, போர்டுல இருந்து அதோட ஒரு காலைக் கழட்டிட்டு அளந்தா தான் சரியா வரும், இல்லன்னா பக்கத்துல இருக்கறதெல்லாம் சேந்து கம்மியாக் காட்டும்னு நீளமா எழுதி, அவரே பேனா குறியும் போட்டாரு. எங்க பக்கத்துல இப்ப அதிகம் பேர் படிக்கற போஸ்ட் அது தான். அளக்கறதுக்கு அவரு ஏன் போனாருங்கறது அதுல ஒரு வரி கூட இல்ல.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரை உங்க ஆன்லைன் பதிப்புல இன்னும் இருக்கு, நேத்து கூடப் பாத்தேன். ப்ரைவஸி மோடை ஆஃப் பண்ணுங்கன்னு வர்ற இடத்துலயே, பண்றதுக்கு முன்னாடி குரூப்ல சொல்லிடுங்கன்னு ஒரு வரியும், சொன்னவரு மெசேஜை அழிச்சா போஸ்ட் அழியாதுன்னு இன்னொரு வரியும் சேத்துப் போட்டுடுங்க. அதைப் படிச்சுட்டு இந்நேரம் யாராவது ஒரு தம்பி ஒரு சாயங்காலத்துல எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிருப்பாரு.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகர், ஒரு ரேடியோ பைத்தியம்